ஸ்னோவில் நின்ற ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்... காலையில் அவருடைய மகள் ராயப்பன்பட்டியிலிருந்து போன் செய்து சொன்னாள். மாரடைப்பு.

நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த இந்தத் தீவில்தான் நான் இன்னும் இருக்கிறேன். ஒரே ஆஸ்பத்திரியில் நான் லேப், அக்கா ஃபிசியோ. சின்னமனூர்க்காரன் என்றதும், "அட, நம்ம பக்கமா? அப்ப ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வந்துரு தம்பி" என்றார். முதல் நாளே.

வருடம் முழுக்க வெயிலடிக்கிற இந்தக் குட்டி நாட்டிலிருந்து முதன்முறையாக ஒரு ஸ்கீ டீம் வெளிநாட்டுப் பனிச்சறுக்குப் போட்டிக்குக் கிளம்பியது. டீம் என்றால் மார்க், இன்னொரு பையன்... அவ்வளவுதான். கடற்கரை ரோட்டில் சக்கரம் வைத்த ஸ்கீயில் பழகியவர்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

மார்க்கின் முழங்காலைக் கவனித்துவந்த அக்காவையும் கூட அழைத்துப் போனார்கள். மேகமலைக் குளிருக்கே ரெண்டு ஸ்வெட்டர் போடுகிற ஆள். ஸ்னோவைப் படத்தில் பார்த்ததோடு சரி.

போட்டியில் இன்னொரு பையன் பாதியில் விழுந்து விலகிவிட்டான். மார்க்கும் வராவிட்டால், முடித்தவர்களில் இந்த நாட்டுப் பெயரே இருக்காது.

மற்ற எல்லோரும் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஃபினிஷ் லைனில் தடுப்புகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா குறுக்கே போய் நின்றிருக்கிறார்.

"எந்த பாஷைலக்கா பேசுனீக?" என்று பிறகு கேட்டேன்.

"பதட்டத்துல தமிழ்தேன் வந்துச்சு. பையன் வாரான், கொஞ்சம் பொறுங்கய்யான்னேன். என்னத்த புரிஞ்சுக்கிட்டாகளோ... நின்னுட்டாக."

மார்க் வந்தான். கோட்டைத் தாண்டியதும் அக்கா மேலேயே சாய்ந்துவிட்டான். ரெண்டு பேரும் ஸ்னோவிலேயே உட்கார்ந்து அழுதார்களாம்.

வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகும் ஒவ்வொரு சீசனுக்கும் அக்காவின் மெசேஜ் வரும். "இந்த வருசம் ரேஸ் எங்கனயாம்?" நான் லைவ் லிங்க் அனுப்புவேன். மார்க் இப்போதெல்லாம் கடைசியாக வருவதில்லை.

போன மாதம் பேசியபோது சொன்னார்: "போன்ல பாத்தா அந்தக் குளிரு தெரிய மாட்டேங்குது தம்பி. இன்னொரு தடவ அங்கன போயி நிக்கணும்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாராம்... மகள் இன்றைக்குத்தான் சொன்னாள்.

நாளை அடக்கம். என்னால் வந்து சேர முடியாது. அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்கள் யாராவது போனால், எனக்காகவும் ஒரு பிடி மண் போடுங்கள்.

போயிட்டு வாங்கக்கா.