கட்டிலுக்கு அடியில் இரண்டு யூரோ

விடுமுறையில் போனால் என்ன செய்ய வேண்டும் என்பது மரூசோவுக்குத் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், இருபத்தாறு வருடம் ஓட்டல் வேலை பார்த்த பிறகு, அது ஒருத்திக்குத் தெரியவில்லை என்றால் தவறு அவளுடையதல்ல. ஆனால் அவள் தன் தவறு என்றுதான் நினைத்தாள்.

எங்கள் நாக்சோஸ் தீவின் கடற்கரை ஓட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்பவள் மரூசோ. என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. மே முதல் அக்டோபர் வரை, நாளுக்குப் பதினாறு அறைகள். உலகமெல்லாம் எங்கள் கடலைப் பார்க்க வரும் மாதங்களில் அவள் பார்ப்பது கட்டிலையும் கழிப்பறையையும்தான். குளிர்காலத்தில் ஓட்டல் மூடிவிடும். அப்போது உருளைக்கிழங்கு வயலுக்குப் போவாள். அவள் கணவன் யகூமிஸ் சுவர் பூசும் கொத்தனார். அதிகம் பேசாதவன், பேசினால் தலையும் வாலும் இல்லாமல் பேசுவான்.

அந்த அக்டோபரில் ஓட்டல் மூடிய மறுநாள், யகூமிஸ் இரண்டு கப்பல் டிக்கெட்டுகளை மேசைமேல் வைத்தான்.

"என்னது இது?"

"சிரோஸ் தீவு. மூணு ராத்திரி. ஊர் சுத்திப் பாக்கப் போறோம்."

"அங்க யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல. வேற ஒருத்தர் விரிச்ச படுக்கையில நீ ஒரு தடவையாவது படுக்கணும். அவ்வளவுதான்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கிளம்பினாள். அறைக்குப் பணம் கட்டியாயிற்று என்று தெரிந்தும், வெறுங்கையோடு போகக் கூசி, விடுதி அம்மாவுக்குக் கொடுக்க ஒரு முழு வட்டப் பாலாடைக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு கப்பலில் உட்கார்ந்திருந்தாள்.

விடுதி துறைமுகத்துக்கு மேலே இரண்டாவது தெருவில் இருந்தது. ஒன்பது அறைகள். நடத்துபவள் போலிக்செனி, வாசனைத் தைலமும் மூக்குக்கண்ணாடிச் சங்கிலியுமாக வாசலிலேயே நின்றாள்.

"வாங்க கிரியா, வாங்க! பிரயாணம் எப்படி இருந்துச்சு? உங்களுக்கு என்ன தொழில்?"

கிரியா என்பது மதிப்புள்ள பெண்களை எங்கள் மொழியில் அழைக்கும் சொல். மரூசோ திரும்பி, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். அதற்குள் யகூமிஸ், தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பெரிய பொய்யைச் சொல்லிவிட்டான்.

"இவங்க துணிக்கடை வச்சிருக்காங்க."

படியேறும்போது அவள் அவன் முதுகில் குத்தினாள். "எனக்கு ஏதுடா துணிக்கடை?"

"மூணு நாளைக்கு இருக்கட்டுமே. உன்ன யாரும் 'ஏய், துண்டு கொண்டா'ன்னு சொல்ல வேண்டாம்."

அன்று மாலையே அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. போலிக்செனி அவள் முகத்தைப் பார்த்தவுடன் கண்ணேறு என்று தீர்ப்புச் சொன்னாள். கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டு, ஏதோ முணுமுணுத்து, கண்ணேறு இறங்குவதன் அடையாளமாக மூன்று முறை கொட்டாவி விட்டாள். தலைவலி போகவில்லை. எப்படிப் போகும்? ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் ஐந்து மணிக்கு எழுந்து குனிந்து நிமிர்ந்த உடம்பைத் திடீரென்று நாற்காலியில் உட்கார வைத்தால் அது வலிக்கத்தான் செய்யும். கண் வைத்தது யார் என்று தேடும் நம் ஜனங்கள், வேலை வாங்கியது யார் என்று தேடினால் பாதித் தலைவலிகள் தீர்ந்துவிடும்.

மறுநாள் ஐந்து மணிக்கு மரூசோ விழித்துக்கொண்டாள். யகூமிஸ் குறட்டை விட்டான். சிறிது நேரம் கூரையைப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். விருந்தாளிகள் காலையில் என்ன செய்வார்கள்? இத்தனை வருடம் அவர்கள் அறைக்குள் போயிருக்கிறாள்; அவர்கள் எழுந்து போன பிறகுதான் போயிருக்கிறாள். அவர்கள் விட்டுச்செல்லும் குப்பை தெரியும், அதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது தெரியாது.

கை தானாகவே வேலையைத் தொடங்கியது. குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தாள். குழாயைப் பளபளக்க வைத்தாள். நடைக்கூடத்து அலமாரியிலிருந்து துடைப்பத்தை எடுத்து வந்து, மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் சுவர் ஓரம் வரை கூட்டினாள். கட்டில் காலுக்குப் பின்னாலிருந்து ஓர் இரண்டு யூரோ நாணயம் உருண்டு வந்தது.

முன்னால் தங்கியவர் யாரோ தவறவிட்டது. அவள் ஓட்டலிலும் அடிக்கடி கிடைக்கும். கிடைத்ததை நிலைக்கண்ணாடி மேசையின் வலது மூலையில் வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தாள். வருடந்தோறும் ஓட்டல் மூடும் நாளில் மேலாளர் எல்லோர் முன்னாலும் சொல்வார்: "மரூசோ கையில ஒரு காசு ஒட்டாது. அவளை நான் கண்ண மூடிட்டு நம்புவேன்." அந்த ஒரு வாக்கியத்தை அவள் பதக்கம் போல நெஞ்சில் குத்திக்கொண்டு குளிர்காலம் முழுவதும் உருளைக்கிழங்கு தோண்டுவாள்.

யகூமிஸ் எழுந்து குளிக்கப் போனதும் படுக்கையையும் விரித்துவிட்டாள். நான்கு மூலையும் கடித உறை போல மடித்துச் செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"எதுக்கு இதெல்லாம் செஞ்ச?" என்றான் அவன், ஈரத்தலையோடு.

"தெரியல."

அறையை விட்டுக் கிளம்பும்போது மேசையிலிருந்த நாணயத்தைப் பார்த்தான். அவளுடையது என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஊர் சுற்றினார்கள். பளிங்கு பாவிய சதுக்கத்தில் நடந்தார்கள். மாநகர மன்றத்தின் பெரிய படிக்கட்டைப் பார்த்து, "இதத் தினமும் யாரு கூட்டுறாங்க?" என்று கேட்டாள் மரூசோ. பழைய கப்பல் தலைவர்களின் வீடுகளைப் பார்த்து, "எத்தன ஜன்னல்! துடைக்கிறவ கதி என்ன?" என்றாள். யகூமிஸ் தன் பங்குக்கு ஒவ்வொரு சுவரிலும் பூச்சு விரிசல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்தான். பிறகு மேலே, கத்தோலிக்கர்கள் வாழும் குன்றின் உச்சிக்குப் படியேறினார்கள். அங்கே காசு போட்டால் கண் திறக்கும் தொலைநோக்கி ஒன்று இருந்தது. யகூமிஸ் சட்டைப்பையிலிருந்து இரண்டு யூரோவைப் போட்டான்.

"சீக்கிரம் பாரு! நம்ம ஊரு தெரியுதா?"

அவள் கண்ணை வைத்தாள். கடல் நடுங்கியது. எந்தப் பக்கம் நாக்சோஸ் என்று தெரியாமல் திருப்பித் திருப்பி, ஏதோ ஒரு மொட்டைமாடியில் பார்வையை நிறுத்தினாள். அங்கே கொடியில் வரிசையாக வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று எண்ணும்போது டக்கென்று இருட்டிவிட்டது.

"என்ன பாத்த?"

"துணி," என்றாள்.

மூன்று மணிக்கு விடுதிக்குத் திரும்பியபோது மாடி நடைக்கூடத்தில் சத்தம் கேட்டது. அவர்கள் அறைக் கதவு திறந்திருந்தது. போலிக்செனி நடுவில் நின்றாள். எதிரே, விடுதியில் சுத்தம் செய்யும் த்ரிதா, அல்பேனியாவிலிருந்து வந்தவள், வாளியைப் பிடித்தபடி நின்றாள்.

"கட்டிலுக்கு அடியில இருந்த ரெண்டு யூரோ எங்க?"

"அங்க ஒண்ணுமே இல்ல அம்மா. தரை ஏற்கனவே சுத்தமா இருந்துச்சு. படுக்கையும் விரிச்சிருந்துச்சு."

"ஓ! விருந்தாளி வந்து கூட்டிட்டுப் போனாங்களா? நான் என் கையால வச்ச காசு. மத்த நாள் கூட்டாம விட்டாக்கூட காசு அங்கேயே கெடக்கும். இன்னைக்குக் காசையே காணோம். நாளைக்கு நீ வர வேண்டாம்."

த்ரிதாவின் முகம் சாம்பலாயிற்று. "அம்மா, டிசம்பர்ல நான் இந்த நாட்டுல தங்கற அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கணும். வேலை இருக்குன்னு காட்டணும். உங்களுக்கே தெரியும்."

"அதத் திருடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

படியில் நின்ற மரூசோவின் முழங்கையை யகூமிஸ் பிடித்தான். "நீ துணிக்கடைக்காரி," என்று காதில் கிசுகிசுத்தான். அவள் தலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று மோதியது. காசைத் தான் மேசையில் வைத்தாளே? அது எங்கே? ஒருவேளை இந்தப் பெண்ணே எடுத்தாளா? "என் கையால வச்ச காசு" என்றால் என்ன அர்த்தம்? தன் காசைத் தானே எதற்குக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும்?

"நான்தான் கூட்டினேன்," என்றாள்.

போலிக்செனி சிரித்தாள். "உங்களுக்கு நல்ல மனசு, கிரியா. இவளுங்களுக்காகப் பொய் சொல்லாதீங்க. இருபது வருஷமா விடுதி நடத்துறேன். எந்த விருந்தாளியும் கட்டிலுக்கு அடியில குனிஞ்சதில்ல."

"நான் விருந்தாளி இல்ல. நான் நாக்சோஸ்ல ஓட்டல்ல ரூம் சுத்தம் செய்யறவ."

யகூமிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"துணிக்கடைன்னாரு?"

"விரிக்கிறது துணிதானே," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

போலிக்செனி நம்பவில்லை. இப்போது மரூசோ செய்ததை நான் என்றும் வியப்பேன். பள்ளிக்கூடம் ஆறாவது வகுப்போடு நின்றவள், சத்தியம் செய்யவில்லை, மாதாவை இழுக்கவில்லை. சோதித்துப் பார்க்கச் சொன்னாள்.

"இந்தப் படுக்கையோட மூலையைப் பாருங்க. அப்புறம் பக்கத்து அறையில இவங்க விரிச்ச மூலையைப் பாருங்க."

போலிக்செனி போய்ப் பார்த்தாள். அங்கே விரிப்பின் மூலை உருட்டிச் செருகப்பட்டிருந்தது. இங்கே உறை மடிப்பு. மரூசோ படுக்கையை ஒரே இழுப்பில் பிரித்தாள். மறுபடி விரித்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதே நான்கு மூலைகள், அதே கூர்மை.

"சரி," என்றாள் போலிக்செனி. குரல் மாறியிருந்தது. "அப்போ காசை நீ என்ன செஞ்ச?"

'கிரியா' போயிற்று. 'நீங்க' என்பதும் போயிற்று. துடைப்பம் பிடித்த கை என்று தெரிந்தவுடன் ஒரு மனுஷியின் மதிப்பு இவ்வளவு வேகமாக இறங்கும் நாட்டில்தான், பார்ப்பதற்கு அத்தனை பளிங்குச் சிலைகள் வைத்திருக்கிறோம்.

"மேசையில வச்சேன். வலது மூலையில."

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். யகூமிஸ் மெல்லக் கேட்டான்: "அந்தக் காசா?"

"எந்தக் காசு?"

"உன்னுதுன்னு நெனச்சேன். அத மேல அந்தக் குழாய்ல போட்டுட்டேன்."

"எந்தக் குழாய்?"

"நீ துணி பாத்தியே, அந்தக் குழாய்."

அவன் பையைத் துழாவி வேறு இரண்டு யூரோவை எடுத்து நீட்டினான். போலிக்செனி அதை வாங்கிக்கொண்டாள். த்ரிதாவிடம், "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனாள். திருடி என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

த்ரிதா நன்றி சொல்வாள் என்று மரூசோ எதிர்பார்த்தாள். த்ரிதா வாளியைப் படாரென்று வைத்தாள்.

"உன்ன யாரு என் வேலையைச் செய்யச் சொன்னா? காலையில வந்து பாக்கறேன், எல்லாம் பளபளன்னு இருக்கு. வேற ஒருத்திய வச்சிட்டாங்க, என்னை அனுப்பப் போறாங்கன்னே நெனச்சுட்டேன். உனக்குப் பொழுது போகலன்னா கடலப் பாரு!"

"நான்... கெட்டது நெனச்சுச் செய்யலையே. காசுகூட, யாரோ விட்டுட்டுப் போனதுன்னுதான் வச்சேன். எங்க ஓட்டல்லயும் கிடைக்கும்."

த்ரிதா அவளை உற்றுப் பார்த்தாள். "எப்பெல்லாம் கிடைக்கும்?"

"அப்பப்ப. மே மாசம் தொறக்கிற அன்னைக்கே கிடைக்கும். ஒவ்வொரு வருஷமும்."

"தொறக்கிற அன்னைக்கா? அன்னைக்கு விருந்தாளி வந்தாச்சா?"

"இல்ல. நாங்க சுத்தம் செஞ்ச பிறகுதான் வருவாங்க."

"அப்போ யாரு பையிலேருந்து விழுந்துச்சு?"

மரூசோ எண்ணிப் பார்த்தாள். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த அறையில், யாரும் படுக்காத கட்டிலுக்கு அடியில், வருடா வருடம் ஒரு நாணயம். இருபத்தாறு வருடம் அதை எடுத்து வலது மூலையில் வைத்திருக்கிறாள், பெருமையோடு. கண்ணை மூடிக்கொண்டு நம்புவதாகச் சொன்ன மேலாளர் அவளைச் சோதிக்க வைத்த காசு.

"நீ நல்லவதான்," என்றாள் த்ரிதா, குரல் இறங்கி. "ஆனா ரொம்ப மக்கு." வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை மரூசோ படுக்கையைக் கலைந்தபடியே விட்டுவிட்டுப் பால்கனியில் உட்கார்ந்தாள், இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு. உள்ளே த்ரிதா கூட்டும் சத்தம் கேட்டது. போய் உதவுவது தவறா, உட்கார்ந்திருப்பது தவறா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. யகூமிஸ் ரோஜா மணக்கும் சர்க்கரைக் கட்டிகள் ஒரு பெட்டி வாங்கி வந்தான். அதில் பாதியையும், போலிக்செனிக்குக் கொடுக்காமல் வைத்திருந்த பாலாடைக்கட்டியையும் த்ரிதாவின் கையில் திணித்தாள். அவள் பாலாடைக்கட்டியை முகர்ந்து பார்த்து, "எங்க ஊர்ல இத விட நல்லா செய்வாங்க," என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அன்றைக்கும் ஊர் சுற்றினார்கள். என்ன பார்த்தோம் என்று மரூசோவுக்கு நினைவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் என் வீட்டு வாசலில் நின்று இரண்டு முறை கேட்டாள். "அந்த மேலாளர் என்னை நம்பினாரா, இல்லையா?" நான் சொன்ன நீளமான பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. "நம்பினா எதுக்கு வருஷா வருஷம் வைக்கணும்?" என்று அவளே கேட்டுக்கொண்டு போனாள்.

மே மாதம் ஓட்டல் திறந்தது. முதல் அறை, நூற்றொன்று. மண்டியிட்டுப் பார்த்தாள். கட்டில் காலுக்குப் பின்னால் அது இருந்தது.

வெகுநேரம் அப்படியே மண்டியிட்டிருந்தாள் என்று அவளுடன் வேலை பார்ப்பவள் சொன்னாள். பிறகு காசைத் தொடாமல் அதைச் சுற்றிக் கூட்டினாள். அதைச் சுற்றித் துடைத்தாள். ஈரத்தரையில் அது மட்டும் மின்னியது. நான்கு மூலையும் மடித்து விரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

மதியம் மேலாளர் வந்தார். மேசையின் வலது மூலையைப் பார்த்தார். குனியாமல் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்க முயன்றார்.

"மரூசோ, உனக்குக் கண்ணு மங்கிடுச்சா? கட்டிலுக்கு அடியில ஒண்ணும் பாக்கலையா?"

"பாத்தேன்," என்றாள் அவள், கையில் தலையணை உறையோடு. சரியாகச் செய்கிறோமா என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. "உங்க காசுதானே. குனிஞ்சு எடுத்துக்கோங்க."