கொய்யா இலைத் தண்ணீர்

டோல்கேட் சிக்னல் ஓரம் சுகிர்தம் பழம் வெட்டி விற்றாள். எதிர்ச் சாரியில் என் காயலான் கடை. பதினோரு வருஷமாக அவள் சண்டை போட்டதெல்லாம் ஈக்களோடும் கன்டெய்னர் லாரிப் புழுதியோடும்தான். காலையில் வெட்டிய கொய்யா மதியத்துக்குள் பழுப்பேறும், மாம்பழம் கொழகொழத்துவிடும். அதை விற்க அவளுக்கு மனசு வராது, குப்பையில் கொட்டுவாள். கெட்டதைக் கைமாற்றத் தெரியாதவள் எதற்கு வியாபாரத்துக்கு வந்தாய் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

கொய்யா இலை விஷயத்தை அவளேதான் கண்டுபிடித்தாள். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க இலையைக் காய்ச்சி ஆறவைத்திருந்தாள். அதில் நாலு துண்டு பழம் தவறி விழுந்தது. எடுத்துத் தனியே வைத்தவள் சாயங்காலம் பார்த்தால், அந்த நாலும் அப்போது வெட்டியதுபோல் இருந்தன. அன்றிலிருந்து இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, துண்டுகளை அதில் முக்கியெடுப்பாள். குப்பைக்குப் போவது நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பக்கத்தில் நைட்டி விற்கும் ரஹீமுன்னிசா அவளுக்குக் கூடப்பிறக்காத அக்கா. அக்கா மகள் தாஹிரா, கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து முழுகாமல் இருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. சுகிர்தத்தின் பழம் ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. பப்பாளி, அன்னாசி பக்கமே போகாமல் தினமும் ஒரு டப்பா பார்த்துப் பார்த்து நிரப்பி அனுப்பினாள். தாஹிரா அதை நாள் முழுக்க வைத்துச் சாப்பிட்டாள்.

வெயில் ஏறி வியாபாரம் கூடியதும் குண்டான் போதவில்லை. சுகிர்தம் என்னிடம் கேன் கேட்டாள். ஏதோ கம்பெனியிலிருந்து கழித்துவிட்ட நீலக் கேன் ஒன்றைக் கொடுத்தேன். எண்ணூர் வரைக்கும் லாரித் தண்ணீர் பிடிக்க அந்தக் கேன் இல்லாத வீடு ஏது? என் வீட்டிலும் இரண்டு இருக்கின்றன, குளிக்க. "மூணு தபா சோப்பு போட்டுக் கழுவிடு, போதும்" என்றேன். உள்ளே என்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

கேன் கொடுத்து நாற்பது நாள் இருக்கும், ஐந்தாம் மாதத்தில் தாஹிராவின் கரு கலைந்தது. சில சமயம் இப்படி ஆகும், யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். சுகிர்தம் ஆஸ்பத்திரி வாசலிலேயே மூன்று நாள் கிடந்தாள்.

பதினைந்து நாள் கழித்து ரஹீமுன்னிசா கடை போட வந்தாள். சுகிர்தம் தண்ணீர் ஊற்றக் கேனைத் திருப்பினாள். சுவர்ப் பக்கம் இருந்த பாதி கிழிந்த ஸ்டிக்கர் இந்தப் பக்கம் வந்தது. மண்டை ஓடும் எலும்பும்.

"இது இன்னா கேனு சுகிர்தம்?"

"பகலவன் அண்ணன் குடுத்துச்சுக்கா. மூணு தபா கழுவிட்டுத்தான்..."

ரஹீமுன்னிசா கத்தியிருக்கலாம். முடியைப் பிடித்து நாலு அறை அறைந்திருக்கலாம். "நீ இன்னா, வேணும்னா செஞ்சே?" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாட்டிய நைட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி மூட்டை கட்டினாள். சிக்னலுக்கு அந்தப் பக்கம் போய்க் கடை போட்டாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அதைவிட வேறு எதையும் சுகிர்தம் தாங்கியிருப்பாள்.

சாயங்காலம் கேனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"ண்ணா, இதுல மொதல்ல இன்னா இருந்துச்சு?"

"சோப்புத் தண்ணிம்மா. வேற இன்னா இருக்கப்போவுது" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன். என் நிம்மதியையும் நினைத்தேன், மறைப்பானேன்.

கேனில் மிச்சமிருந்த இலைத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"அப்போ ஒரு வாய் குடிண்ணா."

என் கை எழவில்லை. அவள் காத்திருந்தாள். பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அப்போதும் நான் வாங்கவில்லை.

டம்ளரை என் தராசுப் பக்கத்தில் வைத்தாள்.

"நாப்பது நாளு என் கையால குடுத்தேன்ணா" என்றாள்.