காரணம் கேட்டவர்கள்

என்னை வேலையை விட்டு அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கொரோனா காலத்தில் சென்னையிலிருந்து சொந்த ஊருக்கு வந்தவன், கம்பெனியும் ஒத்துக்கொண்டதால் வேங்கிக்கால் வீட்டிலேயே இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி அறையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது மேனேஜரோடு பேச வேண்டும் என்று அழைப்பு வந்திருந்தது. திரையில் அவரும், நான் அதுவரை பார்த்திராத ஒரு எச்.ஆர். பெண்ணும் இருந்தார்கள். அந்தப் பெண் எதையோ பார்த்து வாசித்தார். உலகம் முழுக்க ஆட்களைக் குறைக்கிறார்களாம். நான் பார்க்கும் பொறுப்பு இனிமேல் தேவைப்படாதாம். இத்தனை வருட உழைப்புக்கு நன்றியாம்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "ஏன் நான்?"

மேனேஜர் குனிந்துகொண்டார். "இது உங்க திறமையைப் பத்தின முடிவு இல்ல சார்," என்றார் அந்தப் பெண்.

"அப்ப எதைப் பத்தினது?"

முதலில் வாசித்ததையே மறுபடியும் வாசித்தார். மதியத்துக்குள் என் மெயில் பூட்டப்பட்டுவிட்டது.

கீழே இறங்கி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று பரீட்சை விடுமுறையில் வீட்டில் இருந்தாள். "சரி, உக்காரு. முதல்ல சாப்புடு," என்றாள். அவ்வளவுதான். பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாத அவளை அன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் என்னைத் தின்றது வேலை போனது அல்ல, அந்தக் கேள்விதான். பேப்பரைத் திறந்தால் எங்கோ ஆட்குறைப்பு. இன்றைக்கு சாஃப்ட்வேர், நாளைக்கு கார் தொழிற்சாலை, அப்புறம் ஒரு பேங்க். என்னைப் போல எத்தனையோ பேர் என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. என் டீமில் மிச்சம் இருந்தவர்களை ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி என்னோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அவன் என்னைவிட எதில் ஜாஸ்தி? நான் எதில் கம்மி? யாராவது ஒருவர், "நீ இதில் சரியில்லை," என்று சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கிவிடுவேன் என்று தோன்றும்.

வெளியில் வேலை தேடினேன். என் வயதைக் கேட்டதும் எதிர்முனையில் குரல் மாறியது. கடைசியில் பழைய நண்பன் ஒருவன் வழி காட்டினான். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அனுப்பும் வேலை அது. சென்னையில் ஒரு கம்பெனி அதை எடுத்து, சின்ன சின்ன ஆபீஸ்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேலே அறை பிடித்தேன். இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தேன்.

ஒருத்தி டவுன் பெண். அப்பா செருப்புக் கடை வைத்திருக்கும் பழைய முஸ்லிம் குடும்பம். கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆங்கிலம் சரளமாகப் பேசுவாள். இன்னொருத்தி பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலைக்காரி. பி.காம். படித்து, கல்யாணமாகி, குழந்தையும் பிறந்த பிறகு முதல்முதலாக வேலைக்கு வந்தவள். கணவனுக்குக் கொஞ்சம் நிலம். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போடுவான்.

அந்த ஒரு வருடம் நன்றாகப் போனது. டவுன் பெண் வேகமாகச் செய்வாள், அப்படியே தப்பும் செய்வாள். அடி அண்ணாமலைக்காரி மெதுவாகச் செய்வாள், ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பாள். பௌர்ணமிக்கு பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகும், ரோடெல்லாம் ஜனம். அன்றைக்கு மட்டும் அவளுக்கு லீவு. மறுநாள் விற்காத இளநீரில் எங்களுக்கு இரண்டு மூன்று கொண்டுவருவாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். நான் மறுபடியும் ஒரு ஆபீஸுக்குப் போகிறவன் ஆகிவிட்டிருந்தேன்.

அப்புறம் சென்னையிலிருந்து போன் வந்தது. பில் சரிபார்ப்பதை இனி சாஃப்ட்வேரே செய்துவிடும் என்றார்கள். அது தடுமாறும் இடங்களில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு ஆங்கிலத்தில் பேச வேண்டும். அது மட்டும்தான் மிச்சம். அதற்கு ஒரு ஆள் போதும்.

போனை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, யார் போக வேண்டும் என்று.

அன்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என்னை அனுப்பப் போவது தெரிந்தும் என் மேனேஜர் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது நினைவில் இருந்தது. எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. சுலபமான வழி ஒன்று இருந்தது. அமெரிக்க நேரத்துக்கு ஏற்ப போன் வேலை சாயங்காலத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கும். "உனக்குக் குழந்தை இருக்கு, அது முடியற நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது, அதனாலதான்," என்று சொல்லிவிடலாம். அவளுக்கும் வலிக்காது, எனக்கும் பேர் கெடாது. ஆனால் அது உண்மை இல்லை. பஸ் இருந்திருந்தாலும் நான் அவளை வைத்திருக்கப் போவதில்லை. எனக்குக் கிடைக்காத பதிலை இவளுக்காவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

டவுன் பெண் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நாற்காலியை அடி அண்ணாமலைக்காரி பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சென்னை கம்பெனி சொன்னதை மறைக்காமல் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒருத்தர்தான் இருக்க முடியுமா சார்?"

"ஆமாம்மா."

"அது நான் இல்ல."

"இல்லம்மா."



"ஏன் சார் நான்?"

அதே கேள்வி. இதற்காகத்தான் தயாராகி வந்திருந்தேன். "இனிமே போன்ல இங்கிலீஷ் பேசற வேலை மட்டும்தான் இருக்கு. அவளுக்கு அது நல்லா வருது. உனக்கு வரல. உன் வேலையில ஒரு குறையும் இல்லம்மா. இது ஒண்ணுதான் காரணம்."

நேர்மையாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி எழுந்ததை மறைக்க முடியாது. அவள் முகத்தைப் பார்த்தேன். அது சுருங்கியது.

"நான் தமிழ் மீடியம்னு சேரும்போதே சொன்னேனே சார்."

"சொன்ன."

"ஒரு வருஷமா பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். கத்துக்கோன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கத்துக்கிட்டிருப்பேன்ல."

இப்படி ஒரு நாள் வரும் என்று எனக்கும் தெரியாதே என்றேன். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போதே அந்த எச்.ஆர். பெண்ணின் குரல் என் வாயிலிருந்து வருவதுபோல இருந்தது.

"நீங்க நேரா சொன்னீங்க, அது நல்லதுதான்," என்றாள். "ஆனா நேரா சொன்னாலும் சுத்தி வளைச்சு சொன்னாலும் வேலை போச்சு இல்ல? இப்ப எனக்கு இங்கிலீஷ் வராததும் சேந்துபோச்சு."

டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. மீதி இருந்த பில்களை முடித்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். படியில் அவள் இறங்கும் சத்தம் நின்ற பிறகும் நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

காரணம் தெரிந்தால் நிம்மதி வரும் என்று அத்தனை நாள் நம்பியிருந்தேன். நான் அதைச் சொல்வதற்கு முந்தின நிமிடம் வரைக்கும் அவள் வேலை போன ஒருத்தி மட்டும்தான். காரணம் சொல்லி, அவள் காலம் முழுக்கச் சுமக்க ஒன்றை நான் கையில் கொடுத்துவிட்டேன். பொய் சொல்லியிருக்க வேண்டுமா? அப்படியும் நான் நினைக்கவில்லை. எனக்குப் பதில் சொல்லாதவர்கள் இரக்கத்தால் சொல்லாமல் விட்டார்கள் என்றும் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து "ஏன் நான்?" என்று என்னையே கேட்டுக்கொள்வது தானாக நின்றுபோனது. விடை கிடைத்ததால் நிற்கவில்லை. அது எப்படிப்பட்ட விடையாக இருக்கும் என்று பார்த்துவிட்டதால் நின்றது.

நான்கைந்து மாதத்தில் போன் வேலையும் குறைந்துவிட்டது. டவுன் பெண் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டாள். நான் அறையைக் காலி செய்தேன். இப்போது மனைவியின் பள்ளிக்கூட ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் அம்மாவுக்கு முழங்கால் ஸ்கேன் எடுக்க டவுனில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். பில் கவுண்டரில் அடி அண்ணாமலைக்காரி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது. பிறகு அம்மாவின் பேரையும் வயதையும் கேட்டு டைப் செய்தாள்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார். இங்க நின்னுக்கிட்டேதான் வேலை. சாயங்காலம் ஆனா கால் கடுக்கும்." பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்தாள். "ஆபீஸ் எப்படிப் போவுது?"

"மூடிட்டேன்மா."

நிமிர்ந்து பார்த்தாள். அவள் சந்தோஷப்பட்டிருந்தால்கூட நான் தப்பு சொல்லியிருக்க மாட்டேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. "அப்ப அவ?" என்றாள்.

"பெங்களூரு போயிட்டா."

"ஓ." பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார். அவள் ரசீதை நீட்டினாள். நான் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன்; அவள் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

"யாருடா அந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

"என்கூட வேலை பாத்தவம்மா."

நாங்கள் இரண்டடி நகர்ந்த பிறகு கவுண்டருக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "சார், ரிப்போர்ட் வாங்க காலைல சீக்கிரமா வாங்க. அப்பதான் கூட்டம் கம்மி."

தலையாட்டிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து ஸ்கேன் அறைப் பக்கம் மெதுவாகக் கூட்டிப்போனேன்.