அண்டாவுக்குள் வளர்ந்த கல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஒற்று எங்கே போடுவதென்று இன்றும் தடுமாறுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வெந்நீர் அண்டா கொதிக்கும்போது அதன் அடியிலிருந்து 'டொக்கு டொக்கு' என்று ஒரு சத்தம் வரும். முதலியார்பேட்டையில் எங்கள் அடிபம்பில் வந்தது 'உப்புத் தண்ணி'. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராகிவிடும். அண்டாவின் உட்புறம் முழுக்க வெள்ளையாகக் கல் தோல் கட்டியிருக்கும். அம்மா புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்து, கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பாள். பெயர்ந்து விழும் சில்லை நகத்தால் கீறிப் பார்ப்பேன். தேய்வது என் நகமாகத்தான் இருக்கும்.

அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை. புதிதாக வந்த இரும்பு எவ்வளவு கெட்டி என்று அறிய, அதன் மேல் அரத்தால் ஒரு இழு இழுப்பார். அரம் கடித்தால் மெது, வழுக்கினால் கெட்டி. "வழுக்குற இரும்புகிட்ட ஜம்பம் காட்டக் கூடாது" என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சித்திரை மாதக் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுக் கத்தியபடி தரையில் உருண்டார். கல்லடைப்பு என்றார்கள்.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா வாசலில் நின்று, "இந்தத் தண்ணியக் குடிச்சா வயித்துல கல்லு கட்டாம பூவா பூக்கும்? அண்டாவயே வுடல, ஆளையா வுடப்போவுது?" என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் போய் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. அம்மா தரும் சொம்பை யாரும் பார்க்காதபோது முருங்கை மரத்தடியில் கவிழ்த்தேன். உள்ளே ஏற்கெனவே கட்டியிருக்கும் கல்லைக் கரைக்க, பானையிலிருந்து புளியை உருண்டை உருண்டையாகத் திருடித் தின்றேன். அண்டாவுக்குக் கரைவது எனக்குக் கரையாதா? தனியாக இருக்கும்போது வயிற்றைத் தட்டி, 'டொக்கு' கேட்கிறதா என்று பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

நான்காம் நாள் மூத்திரம் எண்ணெய் நிறத்தில், எரிந்துகொண்டு சொட்டியது. கல் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்துக் காலை வரிசையில் கண் இருட்டிக் கீழே விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டர் என் நாக்கைப் பார்த்து, "ஏன்டா, தண்ணியே குடிக்கிறதில்லயா?" என்று கேட்டதும் புளி வரைக்கும் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "குடிக்காதவனுக்குத்தான்யா கல்லு வரும். பட்டறைச் சூட்டுல நாள் பூரா காய்ஞ்சு கெடந்து நீ வாங்கிக்கின, இப்ப புள்ளையுமா?"

வீட்டுக்கு வந்ததும் அப்பா தானே பம்பு அடித்து, சொம்பில் பாதியை என் எதிரே குடித்தார். மீதியை நீட்டி, "நான் பாதி, நீ பாதி. கல்லு வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்டா, சேந்தே உருளலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் குடிக்கும் முன் சொம்பின் அடியை அவர் உற்றுப் பார்த்ததைக் கவனித்திருந்தேன். அவருக்கும் அதே பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். அதன் பிறகு தினமும் காலையில் பாதி அவர், பாதி நான்.

போன வாரம் வீட்டில் சுத்திகரிப்பு மிஷின் மாட்ட வந்த பையன் குழாய்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு, "செம ஹார்டு வாட்டர் சார்" என்றான். இந்த வயதிலும் என் கை தானாக வயிற்றுக்குப் போனது. அடிபம்பு இல்லை, அந்த அண்டா இல்லை, அப்பாவும் இல்லை. அவன் போன பிறகு மிஷினில் ஒரு சொம்பு பிடித்துப் பாதி குடித்தேன், மீதியை நீட்டியபடி நின்றிருக்கிறேன் போலிருக்கிறது.

"யாருக்குப்பா?" என்றாள் மகள்.

மீதியையும் நானே குடித்தேன்.

எழுதி முடித்தது: வைகாசி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.