மேசைமேல் ஒரு ரயில்வே கேட்

ஐம்பது வயதில் பொம்மை ரயில் வாங்கியவள் நான். எனக்காக வாங்கவில்லை, என் அண்ணனுக்காக வாங்கினேன். அவனை ஒரு விடுதியில் கொண்டுபோய் விடாமல் தப்பிக்க வழி உண்டா என்று தவித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அகப்பட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் என்னைவிடப் பெரியவன். உடம்பு வளர்ந்த அளவுக்கு அவனுக்குப் பேச்சு வளரவில்லை. சொல்லுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பான். சின்ன வயதில் தெருப்பிள்ளைகளிடம் பிடித்துக்கொண்டது. என்னைப் பாப்பா என்பான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவாள். நான் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கமிருந்து ஹைதராபாத்தின் மறுகோடியில் இருக்கிற மாதாப்பூர் வரை வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. சாயங்காலம் ஆனால் அண்ணன் அங்கே போய் நிற்பான். கேட்கீப்பர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவன் மட்டும் மாறவில்லை. ரயில் போனதும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, நிம்மதியாகப் படுத்துவிடுவான். அவனுக்கு ரயில் என்றால் உயிர் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். எனக்கோ அந்த கேட்டைக் கண்டாலே ஆகாது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பொறுத்த நாளெல்லாம் ஆபீஸ் பஸ்தான் கைவிட்டுப் போயிற்று.

பிறகு கேட்டை எடுத்துவிட்டார்கள். சற்றுத் தள்ளி, தண்டவாளத்துக்கு அடியில் பாதை போட்டு, கேட் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். அண்ணன் சரியாகச் சாப்பிடுவதை விட்டான். சுவரை யாரோ இடித்துச் சந்து விட்டிருந்தார்கள். அதன் வழியாகத் தண்டவாளத்துக்கே போக ஆரம்பித்தான். “மேடம், சாரு மள்ளி பட்டால மீதிக்கி எள்ளாரு” என்று அந்த அம்மாள் தெலுங்கில் போனில் அழுவாள். மறுபடியும் தண்டவாளத்துக்குப் போய்விட்டானாம். 

ஒருநாள் பக்கத்து வீட்டு மாமாதான் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் குடும்பமும் எங்களைப் போலத் தலைமுறை தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம்.

“ட்ரெயின் வர்ற நேரத்துல லைன் நடுவுல கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறாம்மா. சாகத்தான் போறான். ஹவ், ஆமாம்மா, நான் சொல்றேன் கேளு. நல்ல இடமா பார்த்து விட்டுடு. உனக்கும் நிம்மதி.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் போய், அண்ணனைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதியைப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமான இடம், அன்பான மனிதர்கள். எல்லாக் கட்டிலுக்கும் ஒரே நிறத்தில் விரிப்பு போட்டிருந்தது. இடம் காலியானதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம்தான் பொம்மை ரயிலுக்கு ஆர்டர் போட்டேன். அவனுக்கு வேண்டியது ரயில்தானே, அதை வீட்டுக்குள்ளேயே ஓட விடுவோம் என்பது என் கணக்கு. பார்சலில் ஓர் எஞ்சின், சில ரயில் பெட்டிகள், வட்டமாகச் சேர்க்கிற தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர் வந்தன. ஆழம் தெரியாமல் காலை விட்டேன். தரையிலேயே தண்டவாளத்தைப் பரப்பினேன். எஞ்சின் அரைச் சுற்று போய் நின்றது. தொட்டுத் தள்ளினால் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்து புலம்பினேன். தரையில் போடாதே, சமமான பலகையில் போடு என்றார்கள். துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடு முழுசாக உள்ளே போகாவிட்டால் அந்த இடத்தில் கரண்ட் போகாது என்றார்கள். நம் ஊர்த் தூசிக்குத் தினமும் தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும் என்றார்கள். ப்ளைவுட் வாங்கிச் சாப்பாட்டு மேசைமேல் போட்டேன். ஒவ்வொரு இணைப்பையும் விரல் நுனி சிவக்க அழுத்தினேன். கேட்டில் நிற்கப் பொறுமையில்லாதவள், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் நிற்காமல் ஓடிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் இரண்டு சுற்று பார்த்தான். “நக்கோ” என்று சொல்லிவிட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். எனக்கு வந்ததே கோபம்! கத்தித் தீர்த்துவிட்டேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்குமேல் என்னால் முடியாது, விடுதிதான் விதி என்று அன்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. வட்டமாக ஓடுவது அவனுக்கு அலுத்திருக்கலாம், கேட் ஒன்று வைத்துப் பார்ப்போம் என்று தோன்றிற்று. தண்டவாளத்துக்குக் குறுக்கே அட்டையில் ரோடு போட்டேன். ஏற்றி இறக்குகிற மாதிரி கேட் ஒன்றை ஒட்டினேன். நகத்தளவு மனிதர்கள் தனியாகக் கிடைத்தார்கள். அவர்களையும் ரோட்டின் இரண்டு பக்கமும் நிறுத்தினேன்.

இந்த முறை அண்ணன் தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ரயிலைக் கிளப்பினேன். அது வளைவில் திரும்பியதும் அவன் ஒரு கையால் கேட்டை இறக்கினான். இன்னொரு கையைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், ரோட்டுக்குக் குறுக்கே வைத்தான்.

“கையை எடு அண்ணா, ரயில் கவுந்துடும்.”

“நக்கோ பாப்பா. ஜனம் வரும்.”

அவன் கை தண்டவாளத்தைத் தொடவே இல்லை. நான் பலகையைப் பார்த்தேன். ஒரு கேட்தான் வைத்திருந்தேன். இத்தனை வருஷமும் நான் நின்றது எங்கள் தெருப் பக்கம்தான். எதிர்ப்பக்கம் இன்னொரு கேட் வேண்டும் என்பதே எனக்கு நினைவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்களை மறிக்க ஒன்றுமில்லாததால் அவன் கையை வைத்திருக்கிறான். ரயில் கடந்து போனது. கையை எடுத்தான், கேட்டைத் தூக்கினான், என்னைப் பார்த்தான்.

லைன் நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான் என்று மாமா சொன்னதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. 

மறுநாள் ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்பி நேராகச் சுவருக்குப் போனேன். மழை பெய்து அடிப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தது. காய்கறிப் பைகளோடு பெண்கள், சைக்கிளைத் தோளில் தூக்கியவர்கள், எல்லோரும் சந்து வழியாகத்தான் கடந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் ஹாரன் கேட்டது. அண்ணன் சந்தில் இரண்டு கையையும் விரித்து நின்றான். “நக்கோ, நக்கோ” என்றான். பைத்தியம் என்று ஒருவர் திட்டினார். போனில் பேசிக்கொண்டே வந்த ஒருவன் குனிந்து அவன் கைக்கு அடியில் நுழைந்து போனான். அண்ணன் பின்னாலேயே ஓடி, தண்டவாளத்தின் மேல் வைத்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்தார்கள். ரயில் போயிற்று.

சாக ஆசைப்படுகிறான் என்று நினைத்தோமே, பாவிகள். கேட்டை எடுத்துவிட்டார்கள், ஜனம் மட்டும் அதே இடத்தில் கடக்கிறது என்பதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். விழுந்தவன் எழுந்து, அவனை அடிக்கக் கை ஓங்கினான். நான் குறுக்கே போய் நின்றேன். அண்ணன் முட்டியில் ரத்தம். அதைத் துடைக்காமல், “பாப்பா, போலாம்” என்றான். வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அப்போதிருந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சாயங்காலம் நானும் அவனோடு போகிறேன். ஜல்லிமேல் கால் வைக்கக்கூடாது, சந்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. சந்தை அடைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடைக்கிற வரைக்கும் அவனுக்குக் கிடைக்கிற வசவில் பாதி எனக்கும் கிடைக்கிறது. எனக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற கேள்வி தீரவில்லை. 

போன வாரம் விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள்.

“இடம் காலியாயிருக்கு மேடம். எப்ப கூட்டிட்டு வர்றீங்க?”

“அவர் வரமாட்டாருங்க.”

“வேற இடம் பார்த்துட்டீங்களா?”

“இல்லீங்க. அவர் வேலைக்குப் போறார்.”