ஜெல்மீரா விட்டுக்கொடுக்காத ஞாயிறு

செப்டம்பர் பிறந்தால் எங்கள் ஊரில் யாருக்கும் நேரமிருக்காது. பள்ளிக்கூடம் திறந்துவிடும், பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி தொடங்கிவிடும், தோட்டத்தில் பிளம் பழம் உதிர்ந்துகொண்டிருக்கும். கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த சபை மண்டபத்தைத் திறந்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சூப் சாப்பிடும் வழக்கத்தைத் திரும்பத் தொடங்குவதும் அப்போதுதான். அந்த வருஷம் சமைக்க ஆளில்லை.

போதகர் போஹ்தானா அறிவிப்புகளுக்கு நடுவே குரலைத் தாழ்த்தினார். "எல்லாருக்கும் வேல இருக்கு, புரியுது. கிறிஸ்துமஸ் வரைக்கும் சூப்ப நிறுத்தி வைக்கலாம்னு பாக்கறேன்."

ஒருவரும் நிமிரவில்லை. நான் மாடியில் ஆர்கன் வாசிக்கிறவன். அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் குனிந்த தலைகள்தான். அதில் ஒன்று எழுந்தது.

"நிறுத்த வேணாம் போதகரம்மா. நான் சமைக்கறேன்."

ஜெல்மீரா. டவுன் பஸ் ஓட்டுகிறவள். பக்கத்தில் இருந்தவள் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உனக்குத்தான் சமைக்கவே வராதேடி!"

"வராது. வர்றவங்க எல்லாம் கம்முனு உக்காந்திருக்கீங்களே, நான் என்ன பண்ண?"

அவளுக்கும் நேரம் கொட்டிக் கிடக்கவில்லை. விடிவதற்குள் டிப்போவில் இருக்க வேண்டும். புருஷன் ஓந்ரேய் ஆஸ்திரியாவுக்கு லாரி ஓட்டுகிறான். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மகள் ஸ்லாவ்கா ஊர் ஹாக்கி அணியின் கோல் கீப்பர். பயிற்சியாளர் ரெஹாக் அந்த வருஷம் பயிற்சியை ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டார். சரியாக ஆராதனை நேரம்.

அன்று வீட்டில் நடந்ததை ஓந்ரேயே பிற்பாடு எனக்குச் சொன்னான்.

"பொண்ணோட ஆட்டத்தையும் அந்த சூப்புல போட்டு வேக வைக்கப் போறியா?" என்று இவன் கத்தியிருக்கிறான்.

"அவ ஆடட்டும். யாரு தடுத்தா? நீ கூட்டிட்டுப் போ."

"வாரத்துல ஒரு நாள் தூங்கறேன், அதுவும் பொறுக்கலையா?"

"வாரத்துல ஒரு நாள் நான் என் சபையோட உக்கார்றேன். அத எதுக்கு நான் விடணும்?" என்றாளாம். பிறகு கொஞ்சம் தணிந்து, "சனிக்கிழம என் பஸ்ல ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து, எறங்காம அதே பஸ்லயே திரும்பிப் போறவங்க இருக்காங்க ஓந்ரேய். போக எடம் இல்லாம. அதுல ரெண்டு பேரு நம்ம சபைக்காரங்க. சூப்பும் இல்லன்னா ஞாயித்துக்கிழம அவங்க எங்க போவாங்க?"

ஓந்ரேய் முனகிக்கொண்டே மகளை அழைத்துப் போனான்.

முதல் ஞாயிறு முட்டைக்கோஸ் சூப். வெங்காயம் நறுக்கியது நான். அவள் அடுப்பில் ஏற்றிவிட்டு ஆராதனைக்கு வந்துவிட்டாள். பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே தீய்ந்த வாடை பீடம் வரை வந்தது. ஒரு மேசைகூட நிறையவில்லை. வந்தவர்கள் அடிப்பிடித்த சூப்பை மரியாதைக்காகக் குடித்தார்கள். மனைவியை இழந்த பழைய தபால்காரர் ஒருவர் மட்டும் இரண்டாவது தட்டு கேட்டார். ஜெல்மீரா அவரை முறைத்துப் பார்த்து, கேலி செய்யவில்லை என்று தெரிந்தபின் ஊற்றினாள்.

வம்பு அக்டோபரில் வந்தது. ஞாயிறுதோறும் முறைபோட்டு அம்மாக்கள் ஹாக்கி அரங்கில் தேநீர்க் கடை பார்க்க வேண்டும், அணிச் சட்டைகளைத் துவைக்க வேண்டும் என்றார் ரெஹாக். ஜெல்மீரா தன் முறைக்குப் போகவில்லை. அவர் போனில் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். அவள் போனை வைத்துவிட்டு, சாயங்காலமே பஸ் சீருடையோடு அரங்குக்கு நடந்தாள். பெற்றோர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"சட்டைய குடுங்க, வாரநாள்ல துவைச்சுத் தர்றேன். ஞாயித்துக்கிழம மட்டும் வர மாட்டேன்."

"எல்லா அம்மாவும் வர்றாங்களே. உங்களுக்கு மட்டும் என்ன தனியா? சாமி அங்க ஆஜர் எடுக்குதா?"

"சாமி எடுக்கல, நீங்கதான் எடுக்கறீங்க. வேலைக்கு நேரம் குடுத்தேன், வீட்டுக்குக் குடுத்தேன், உங்க ஹாக்கிக்குப் பொண்ணையே குடுத்திருக்கேன். மிச்சம் இருக்கறது என்னோடது. அதுல கை வைக்காதீங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் ரெஹாக் ஸ்லாவ்காவை பெஞ்சில் உட்கார வைத்தார்.

அந்தப் பெண் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்தாள். "எல்லாம் உன்னாலதாம்மா! உன் சூப்ப யாருமே கேக்கல!"

மறுநாள் ஜெல்மீரா மண்டபத்தில் உருளைக்கிழங்கு தோலுரிக்கும்போது கண் சிவந்திருந்தது. "விட்டுடேன், ஒரு மாசத்துக்குத்தானே" என்றேன்.

"இந்த மாசம் விட்டா அடுத்த மாசமும் கேப்பாங்க. எம் பொண்ணும் நாளைக்கு ஒரு வீட்டுக்கு அம்மா ஆவா. அப்ப அவளையும் இப்படித்தான் பிச்சுத் திம்பாங்க" என்றாள். கத்தி நிற்கவே இல்லை.

மகளை பெஞ்சில் பார்த்ததும் ஓந்ரேய்க்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த ஞாயிறு பயிற்சிக்குப் பதில் ஆட்டம் இருந்தது. அரங்குக்குப் போனவன் நேரே தேநீர்க் கடைக்குள் நுழைந்து, பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டான். அது அவன் வயிற்றில் பாதியைத்தான் மறைத்தது.

"இது அம்மாக்கள் பாக்கற வேல" என்றார் ரெஹாக்.

"அப்பன் ஊத்தினா டீ எறங்காதா? எங்க வீட்டு முறைய நான் பாத்துட்டேன். இப்ப எம் பொண்ண எறக்குங்க."

வரிசையில் நின்ற அப்பாக்கள் கைதட்டினார்கள். ரெஹாக்குக்கு வேறு வழியில்லை. ஸ்லாவ்கா இறங்கினாள். ஆட்டம் என்னவோ தோல்விதான். ஆனால் அவளைத் தாண்டிப் போனது ஒரே ஒரு கோல்.

பயிற்சி ஞாயிறு காலையிலிருந்து மாறவில்லை. சபையும் நிரம்பி வழியவில்லை. ஆனால் நவம்பரில் ஒரு ஞாயிறு, பயிற்சி முடிந்து பசியோடு வந்த ஸ்லாவ்காவின் பின்னால் அணிப் பிள்ளைகள் சிலர் ஈரத் தலையோடு மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களைத் தேடி அம்மாக்களும் வந்தார்கள். தபால்காரர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒருத்தி ஒரு கரண்டி வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"ஜெல்மீரா, இதுல உப்பே இல்லையே!"

ஜெல்மீரா அடுப்பங்கரையிலிருந்து வந்து, தன் ஏப்ரனைக் கழற்றி அவள் மடியில் போட்டாள்.

"அடுத்த ஞாயிறு நீயே வந்து போடு. எட்டரைக்குக் கதவு திறந்திருக்கும்."