மாதாவின் வலது கன்னம்

பளிங்கு வெட்டும் மலையூரான பெத்ரால்பாவில் பிறந்தவர்களுக்குக் கொம்பு ஊதுவதன் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையிலிருந்து பளிங்குப் பாளம் இறங்கத் தொடங்கினால் ஒரு முறை. பத்திரமாக அடிவாரம் சேர்ந்தால் இரண்டு முறை. மூச்சு தீரும்வரை நீளமாக ஊதினால் ஆள் செத்துவிட்டான்.

அந்த நீள ஊதலை நென்சியா பத்தொன்பது வருஷத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கேட்டாள். கோயிலில் மாதா சிலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். செத்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதா. நானூறு வருஷத்துப் பளிங்கு. ஊதியது அவள் புருஷனுக்குத்தான். பார்க்காமலே பக்கத்து வாளியிலிருந்த பஞ்சை எடுத்து மாதாவின் முகத்தில் வைத்துவிட்டாள். மறுநாள் சிலுவைச் சடங்குக்காக வினிகரில் ஊறிய பஞ்சு அது. வினிகர் பளிங்கைத் தின்னும். வலது கண்ணிலிருந்து தாடைவரை மெருகு போய் ஒரு கோடு விழுந்தது.

ஊர் அதைக் கண்ணீர் என்றது. ஈரக்காற்றில் கோடு நனைந்தால், சாவு வரும் என்று பயந்து, பாளம் இறக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் கோயில் வேலை போய்விடும். நென்சியா மகன் பெத்தோவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இந்தப் பெரிய வியாழனிலும் தெற்கிலிருந்து புழுக்கமான காற்று. காலையிலேயே கோடு நனைந்திருந்தது. இறங்குகிற பாளத்துக்கு முன்னால் நின்று, அது வழுக்கி இறங்க சோப்பு தேய்த்த கட்டைகளைப் போடுகிறவன் கஸ்பாரோ. நனைந்த கோட்டைப் பார்த்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்குப் பெத்தோ கை தூக்கினான்.

நென்சியா அவனை வாசலில் மறித்தாள்.

“முன்னால நிக்கிற வேலை ஒனக்கு எதுக்குடா? கஸ்பாரோவே பயந்து போயிட்டான்.”

“எதப் பாத்துப் பயந்தான்? நீ சிந்துன வினிகரப் பாத்து! கீரையில ஊத்துறத மாதா கன்னத்துல ஊத்திட்டு, இப்ப நீயே நடுங்குறியாக்கும்?”

அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்தபடி போனான்.

நென்சியா பங்குச் சாமியார் இலாரியோவிடம் ஓடினாள்.

“சாமி, அது கண்ணீர் இல்ல. என் கை செஞ்ச தப்பு. கஸ்பாரோகிட்டச் சொல்லுங்க, அவன் போகட்டும். என் மவனுக்கு அந்த வேல பழக்கமில்ல.”

அவர் சிலை இருந்த பக்கம் பார்த்தார்.

“சிற்பி ஏன் கண்ணீர் வைக்கல தெரியுமா? மகன் உயிர்த்தெழுவார்னு மாதாவுக்குத் தெரியும், அந்த அமைதிதான் விசுவாசம்னு தொண்டை கிழிய பிரசங்கம் வச்சேன். ஒருத்தனும் முழங்கால் போடல. நீ ஒரு கோடு போட்ட, ஊரே விழுந்துச்சு. நாளைக்குப் பெரிய வெள்ளிம்மா. ஈஸ்டர் முடியட்டும், நானே சொல்றேன்.”

மலையில் கொம்பு ஒரு முறை ஊதியது. பாளம் கிளம்பிவிட்டது.

நென்சியா சிலையிடம் போனாள். இத்தனை வருஷமும் அந்தக் கோட்டைத் தவிர வேறெதையும் அவள் கண் பார்த்ததில்லை. உள்ளங்கையால் அதை மூடினாள். சிற்பி செதுக்கிய முகம் அப்போதுதான் தெரிந்தது. சாமியார் சொன்ன அமைதி அதில் இல்லை. ஊர் சொன்ன அழுகையும் இல்லை. உதடுகள் லேசாகப் பிரிந்து, கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. காது கொடுத்துக் கேட்கிற முகம். மடியில் பிணம் கிடந்தும், மகன் சாகவில்லை என்று யாராவது வந்து சொல்வார்களா என்று காதைத் தீட்டியிருக்கிற முகம்.

மத்தியான மணி அடித்தது. பாளம் இந்நேரம் அடிவாரம் சேர்ந்திருக்க வேண்டும். தன் கழுத்தும் அதே பக்கம் சாய்ந்திருப்பது நென்சியாவுக்குத் தெரியவில்லை. உள்ளங்கைக்கு அடியில் பளிங்கு நனைந்துகொண்டே இருந்தது.

கொம்பு ஊதியது. இரண்டாவது ஊதலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் ஊதல் நிற்கவில்லை.